பூ கட்டும் கழுத்து

"தம்பி, கரண்ட் வைப்பீங்கள்ல?"

நிலக்கோட்டைப் பக்கமிருந்து திண்டுக்கல்லில் இருக்கும் என் பிசியோதெரபி நிலையத்துக்கு பஸ் ஏறி வந்த அந்த அக்கா, செருப்பைக் கழற்றும்போதே கேட்டுவிட்டார். நாற்பத்தைந்து வயது இருக்கும். வலது கையால் இடது தோளைப் பிடித்தபடியே உட்கார்ந்தார். கையில் ஒரு ஜவுளிக்கடைப் பை. அதற்குள் எக்ஸ்ரே, ஸ்கேன், பாதி தீர்ந்த மாத்திரை அட்டைகள், அழுக்கேறிய ஒரு கழுத்துப் பட்டை. ஐந்து வருஷத்து வலி அத்தனையும் அந்தப் பைக்குள் இருந்தது. மூன்று இடத்தில் பத்துப் பத்து நாள் கரண்ட் வைத்திருக்கிறார். "வச்ச அன்னைக்கு நல்லா இருக்கும் தம்பி. மறுநா பூக்கட்ட உக்காந்தா பழையபடிதான்."

அவர் சொன்ன இந்த இரண்டு வரிக்குக் காரணம் தேடுவதுதான் இந்த அத்தியாயம்.

வீட்டில் எப்படி உட்காருவீர்கள் என்று காட்டச் சொன்னேன். தரையில் உட்கார்ந்து, ஒரு காலை மடக்கி, மறு காலை நீட்டினார். இல்லாத வாழைநாரை நீட்டிய காலின் கட்டைவிரலில் மாட்டினார். இல்லாத மல்லிகை மொட்டுகளை இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு என்று வைத்து, நாரைச் சுற்றிச் சுண்டி இழுத்தார். ஒரு கண்ணி முடிந்தது. அடுத்தது. விரல்கள் பறந்தன. தலை மட்டும் அசையவே இல்லை. முகவாய் நெஞ்சைத் தொடுகிற அளவுக்குக் குனிந்து, அங்கேயே நின்றுவிட்டது. பூ வரத்து நன்றாக இருக்கிற நாளில் எட்டு மணி நேரம் இப்படி இருப்பாராம்.

மனிதத் தலையின் எடை ஏறக்குறைய 5 கிலோ. அது ஏழு சிறிய எலும்புகளின் மேல் நிற்கிறது. நிமிர்ந்திருக்கும்போது எலும்பும் அவற்றுக்கு நடுவிலுள்ள வட்டுகளும் பெரும்பங்கைத் தாங்கிக்கொள்ளும். பின்கழுத்துத் தசைக்கு வேலை குறைவு. குனிந்தால் கதை மாறுகிறது. தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்து ஒரு தெரு நடக்கலாம். அதே குடத்தைக் கை நீட்டிப் பிடித்துக்கொண்டு பத்து அடி நடக்க முடியாது. குடத்தின் எடை மாறவில்லை, தூரம்தான் மாறியது. 60 பாகை குனிந்தால் கழுத்தின் மேல் விழும் விசை சுமார் 27 கிலோ எடைக்குச் சமம் என்று 2014-ல் அமெரிக்க அறுவை மருத்துவர் கென்னத் ஹன்ஸ்ராஜ் கணக்கிட்டார். அது கணினி மாதிரியில் போட்ட கணக்கு, ஆள்களை வைத்து அளந்ததல்ல. இருந்தாலும் விஷயம் எந்தத் திசையில் போகிறது என்று காட்டப் போதும்.

ஆனால் பாரம் மட்டுமே காரணம் என்றால், தலையில் சும்மாடு வைத்துக் காய்கறி மூட்டை சுமக்கும் ஒட்டன்சத்திரம் சந்தைத் தொழிலாளிக்கு வலி தாங்கவே முடியாமல் போக வேண்டும். பூ கட்டுகிறவருக்கு வலியே இருக்கக்கூடாது. இரண்டு பேருமே வலியோடு வருகிறார்கள் என்பதுதான் நான் பார்ப்பது. பூவில் எடை இல்லை. கேடு வேறெங்கோ இருக்கிறது.

ஒரு தசைக்குள் ஆயிரக்கணக்கான நார்கள் உண்டு. சின்ன வேலை வந்தால் சிறிய நார்க்கூட்டங்கள் முதலில் எழுந்து வேலையைத் தொடங்கும். வேலை கனக்கக் கனக்கப் பெரியவை வந்து சேரும். வேலை முடிந்ததும் பெரியவை முதலில் ஓய்ந்துவிடும். சிறியவைதான் கடைசியாகப் படுக்கும். ஸ்வீடன் ஆய்வாளர் யோரன் ஹாக் 1991-ல் இவற்றுக்கு சின்ட்ரெல்லா நார்கள் என்று பெயர் வைத்தார். கதையில் வரும் அந்தப் பெண்ணைப் போல முதலில் எழுந்து கடைசியில் தூங்குகிறவை என்பதால். வேலை லேசானது என்றாலும், நடுவில் விடாமல் நீண்டால் இந்த நார்களுக்கு ஓய்வே கிடைப்பதில்லை. ரத்த ஓட்டம் குறைந்து, கழிவு தேங்கி, நோவு தொடங்குகிறது என்பது அவர் கருதுகோள். மூன்றரை மணிக்கு எழுந்து உலை வைத்துவிட்டுப் பூக்கூடைக்கு முன்னால் உட்காரும் அந்த அக்காவிடம் இதைச் சொன்னபோது, "அப்ப என் கழுத்துக்குள்ளயும் ஒருத்தி என்னைய மாதிரியே கெடக்குறாளா?" என்றார். அதைவிடத் தெளிவாக என்னால் விளக்க முடியாது.

அடுத்து அவர் பயந்துகொண்டிருந்த விஷயத்துக்கு வந்தோம். ஸ்கேனைப் பார்த்த யாரோ, "எலும்பு தேஞ்சுபோச்சு, வட்டு பிதுங்கியிருக்கு, இனிமே பார்த்து இருக்கணும்" என்று சொல்லியிருக்கிறார்கள். அன்றிலிருந்து அவர் குடம் தூக்குவதில்லை, திரும்பிப் பார்ப்பதில்லை, மாதக்கணக்கில் பட்டை போட்டிருந்தார். நம் ஊரில் தேய்மானம் என்ற சொல் செய்திருக்கும் சேதத்தை எந்த இயந்திரத்தாலும் அளக்க முடியாது. 2015-ல் வெளியான ஜப்பானிய ஆய்வொன்றில், கழுத்து வலியே இல்லாத 1,211 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். அவர்களில் 87.6 சதவீதம் பேருக்கு வட்டு பிதுங்கியிருந்தது. இருபதுகளில் இருப்பவர்களிலேயே நான்கில் மூன்று பங்குக்குப் பிதுக்கம் இருந்தது. வலி இல்லாதவர்களின் கழுத்தே இப்படி! தலை நரைப்பதைப் போல வட்டும் வயதாகிறது. நரையை யாரும் நோய் என்று சொல்லிப் பயமுறுத்துவதில்லை.

அதற்காக எல்லாக் கழுத்தையும் ஒன்றுபோல் எடுத்துக்கொள்ளவும் கூடாது. விரல்கள் பட்டன் போட மறுக்கின்றன, கண்ணி கட்டத் தடுமாறுகின்றன, நடக்கும்போது செருப்பு தானாக நழுவுகிறது, கால் பின்னுகிறது என்றால் தண்டுவடம் அழுந்துகிறதா என்று உடனே பார்க்க வேண்டும். விழுந்து அடிபட்ட கழுத்து, காய்ச்சலோடும் எடைக்குறைவோடும் வரும் கழுத்து வலி, படுத்தாலும் விடாத ராத்திரி வலி ஆகியவையும் அப்படித்தான். முதுகெலும்புக் காசநோய் நம் நாட்டில் இன்னும் போகவில்லை. இவர்கள் முதலில் பார்க்க வேண்டியது மருத்துவரை. அந்த அக்காவிடம் இவை எதுவும் இல்லை.

இப்போது கரண்ட்.

மக்கள் கரண்ட் என்று சொல்வது பெரும்பாலும் ஐ.எஃப்.டி. எனும் கருவியை. நொடிக்கு 4,000 சுழற்சிகளில் ஒரு மின்னோட்டம், 4,100-ல் இன்னொன்று. இரண்டும் தசைக்குள் குறுக்கிடும் இடத்தில் 100 சுழற்சிகளில் ஒரு துடிப்பு பிறக்கும். அது ஏன் வலியை அடக்குகிறது? 1965-ல் ரொனால்டு மெல்சாக், பேட்ரிக் வால் இருவரும் முன்வைத்த கதவுக் கோட்பாடு சொல்லும் காரணம் இது: தண்டுவடத்தில் ஒரு வாயில் இருக்கிறது, தொடுகை, அதிர்வு முதலியவற்றைச் சுமந்து வரும் பருத்த நரம்புகள் துடித்தால் வலியைச் சுமந்து வரும் மெல்லிய நரம்புகளின் செய்திக்கு அந்த வாயில் சாத்தப்படும். முட்டியில் இடித்துக்கொண்டதும் நாம் தேய்த்துவிடுகிறோமே, அதே கதைதான். தேய்ப்பதை நிறுத்தினால் கதவு திறக்கும். ஒத்தடம், ஷார்ட் வேவ், அல்ட்ராசவுண்ட் என்று மற்றவையும் ஏறத்தாழ இதே வரிசை. இதம் தரும், அன்றிரவு தூக்கம் வரும். நாள்பட்ட கழுத்து வலியை இவை மட்டும் மாற்றிவிடும் என்பதற்கான சான்று மிக மெலிது. பத்து நாள் கரண்டுக்குப் பத்து நாள் கூலியையும் பஸ் காசையும் கொடுத்தவர்களை நினைத்தால் எனக்கு மனசு ஆறுவதில்லை.

கழுத்தை வெயிட் கட்டியோ இயந்திரத்தாலோ இழுக்கும் இழுவைக்கும் அதே தீர்ப்பைத்தான் சொல்லியிருப்பேன், நாகல் நகரிலிருந்து வந்த ஒரு பூட்டு ஆசாரியைப் பார்த்திருக்காவிட்டால்.

திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பூட்டு இன்றும் அரமும் கையுமாக உருவாவது. வைஸில் கவ்விய பித்தளைத் துண்டின் மேல் குனிந்து, ஒரு பக்கமாகச் சாய்ந்து, லீவரை மயிரிழை மயிரிழையாக ராவ வேண்டும். கொஞ்சம் அதிகம் ராவிவிட்டால் சாவி விழாது. முப்பது வருஷம் இப்படி நின்ற அந்தப் பெரியவருக்குக் கழுத்தைவிடக் கைதான் நோவு. தோளிலிருந்து பெருவிரல், ஆள்காட்டி விரல் வரை மின்சாரம் பாய்ந்த மாதிரி இறங்குகிறது என்றார். கூட வந்த அவர் மனைவி குறுக்கிட்டார்: "ராவெல்லாம் தலையில கைய வச்சுக்கிட்டே தூங்குறாருங்க. வெளங்குமா குடும்பம்னு நானும் சண்டை போட்டுப் பாத்துட்டேன்." தலையில் கை வைத்தால் ஆகாது என்பது நம் வீட்டு நம்பிக்கை. அந்தப் பெரியவருக்கோ அது ஒன்றுதான் நிவாரணம். கையைத் தூக்கித் தலைமேல் வைத்தால் கழுத்திலிருந்து இறங்கும் நரம்பு வேரின் இழுவிசை தளரும். அதனால் வலி குறையும். நரம்பு வேர் நெருக்கத்தைக் கண்டுபிடிக்க மருத்துவத்தில் இதையே ஒரு அடையாளமாக வைத்திருக்கிறார்கள். பெருவிரலும் ஆள்காட்டி விரலும் என்றால் அநேகமாக ஆறாவது வேர்; நடுவிரல் என்றால் ஏழாவது.

இப்படிக் கைக்கு இறங்கும் வலியில் இழுவைக்கு ஓர் இடம் இருக்கிறது. 2014-ல் அமெரிக்காவில் ஜூலி ஃபிரிட்ஸ் குழு கழுத்தோடு கைவலியும் உள்ள 86 பேரை மூன்றாகப் பிரித்தது: பயிற்சி மட்டும், பயிற்சியோடு கதவில் தொங்கவிடும் இழுவை, பயிற்சியோடு இயந்திர இழுவை. இயந்திர இழுவையும் பயிற்சியும் சேர்ந்த பிரிவினர் ஆறு மாதம் கழித்தும் மற்றவர்களைவிட நன்றாக இருந்தார்கள். கவனியுங்கள், பயிற்சியோடு சேர்ந்த இழுவை. கைக்கு இறங்காத சாதாரணக் கழுத்து வலிக்கு வெயிட் தொங்கவிட்டு இழுப்பதற்கு நல்ல சான்று கிடைத்தபாடில்லை. ஆசாரிக்கு இழுவை கொடுத்தேன். அக்காவுக்குக் கொடுக்கவில்லை. அதே மேசை, அதே எடைகள். ஆளும் வலியும் வேறு.

கை வைத்தியத்துக்கு வருவோம். சுளுக்கு எடுப்பவரிடம் போகாத கழுத்து நம் ஊரில் இல்லை. பிசியோதெரபியின் கை வேலையும் ஒரு விதத்தில் அதன் ஒன்றுவிட்ட உறவுதான், ஆனால் அளந்து செய்வது. ஆஸ்திரேலியாவின் ஜெஃப்ரி மெய்ட்லண்ட் அசைவை நான்கு படிகளாகப் பிரித்தார்: மூட்டின் எல்லைக்கு வெகு முன்பே நிற்கும் மெல்லிய ஊசலாட்டத்திலிருந்து, எல்லையில் வைத்துச் செய்யும் அழுத்தமான சிற்றசைவு வரை. வலி மிகுந்தால் முதல் படி. விறைப்பு மிகுந்தால் கடைசிப் படி. நியூசிலாந்தின் பிரையன் மல்லிகன் இன்னொரு வழி சொன்னார். சிகிச்சை தருபவர் மூட்டை லேசாகத் தள்ளிப் பிடித்திருக்க, நோயாளி தானே தலையைத் திருப்ப வேண்டும். சரியான இடத்தில் பிடித்தால் அந்தக் கணமே வலியில்லாமல் திரும்பும். இதில் எனக்குப் பிடித்தது, ஒரு துண்டு இருந்தால் வீட்டிலேயே செய்துகொள்ளலாம் என்பது. துண்டின் விளிம்பைக் கழுத்தெலும்பில் கொக்கிபோல் மாட்டி, ஒரு முனையை முன்னோக்கி இழுத்துக்கொண்டே தலையைத் திருப்ப வேண்டும். தோளில் துண்டு இல்லாத ஆசாரி உண்டா? அவர் இரண்டே நாளில் பிடித்துக்கொண்டார்.

நெட்டி முறிப்பதையும் சொல்லிவிடுகிறேன். அந்த டக் சத்தம் விலகிய எலும்பு இடத்துக்கு வரும் சத்தமல்ல. விரல் மூட்டை எம்.ஆர்.ஐ.-க்குள் வைத்து இழுத்துப் பார்த்த கனடா ஆய்வாளர்கள் 2015-ல் காட்டியது, மூட்டு நீருக்குள் திடீரென ஒரு வாயுக் குழி உண்டாகும் நேரத்தில்தான் அந்தச் சத்தம் வருகிறது என்று. முறித்ததும் வரும் சுகம் உண்மை. அது மூளையும் தண்டுவடமும் தரும் சுகம். ஆனால் சலூன் நாற்காலியில், முகச்சவரம் முடிந்த கையோடு, தாடையைப் பிடித்து வெடுக்கென்று திருப்ப விடாதீர்கள். மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் இரண்டு தமனிகள் கழுத்தெலும்புகளின் ஓட்டைகள் வழியாகத்தான் மேலேறுகின்றன. நரம்புகளுக்கும் ஆபத்து உண்டு: 2017-ல் டெல்லியில் ஒருவருக்கு இப்படி முறித்ததில் உதரவிதான நரம்புகள் பழுதாகி மூச்சே திணறிப்போன செய்தி வந்தது.

கை வேலை எவ்வளவு நாள் தாங்கும்? அமெரிக்காவில் 272 பேரை வைத்து நடந்த ஓர் ஆய்வு 2012-ல் வெளியானது. ஒரு பிரிவுக்கு மாத்திரை, ஒரு பிரிவுக்குப் பல வாரம் கையால் மூட்டுச் சிகிச்சை, மற்றொரு பிரிவுக்கு இரண்டே முறை நேரில் வரவழைத்துக் கற்றுக்கொடுத்த வீட்டுப் பயிற்சி. பன்னிரண்டு வாரம் கழித்துப் பார்த்தால், கைச்சிகிச்சை மாத்திரையைவிட மேல். வீட்டுப் பயிற்சியோ கைச்சிகிச்சைக்கு ஏறக்குறைய சமம். இவர்கள் வலி வந்து மூன்று மாதம் தாண்டாதவர்கள், நம் அக்காவைப் போல ஐந்து வருஷக்காரர்கள் அல்ல. ஆனாலும் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு பஸ் ஏறுகிற ஆளுக்கு அந்த "இரண்டே முறை" எவ்வளவு பெரிய செய்தி!

அக்காவைப் படுக்கவைத்தேன். ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியின் பட்டையை மூன்றாக மடித்து, பிடரிக்கும் மெத்தைக்கும் நடுவே வைத்து, முள் 20-ல் நிற்கும்படி காற்றடித்தேன். கருவியை அவர் கண்ணுக்குத் தெரியும்படி பிடித்துக்கொண்டேன். "தலையத் தூக்காதீங்க. மெதுவா 'ஆமா'ங்கிற மாதிரி முகவாய மட்டும் அசைங்க. முள்ள 22-க்குக் கொண்டு வாங்க." வந்தது. பத்து விநாடி. "24." வந்தது, நடுங்கியது. "26." முள் சட்டென 34-க்குத் தாவியது. கழுத்தின் பக்கவாட்டில் இரண்டு கயிறுகள் புடைத்து நின்றன. ஆழத்தில் இருப்பவை கைவிட்டதும் மேலே இருக்கும் முரட்டுத் தசைகள் வந்து இழுத்துவிட்டன.

இந்தச் சோதனையை உருவாக்கியவர் ஆஸ்திரேலியாவின் குவின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்துப் பேராசிரியை குவெண்டலின் ஜல். கழுத்தெலும்புகளின் முன்புறம், உணவுக்குழலுக்குப் பின்னால் ஒட்டிக்கிடக்கும் தசைகள் வெளியிலிருந்து தொட முடியாதவை. டெபோரா ஃபாலாவும் ஜல் குழுவினரும் 2004-ல் மூக்கு வழியாகத் தொண்டையின் பின்சுவர் வரை மின்முனையை அனுப்பி அவற்றின் மின்துடிப்பைப் பிடித்தார்கள். நாள்பட்ட கழுத்து வலிக்காரர்களிடம் அந்தத் தசைகள் குறைவாகவே வேலை செய்தன. இதற்கான பயிற்சி எளிது: அதே தலையாட்டல், பத்து விநாடி, பத்து முறை, முரட்டுக் கயிறுகள் புடைக்காமல். வீட்டில் கருவி தேவையில்லை. கழுத்தின் பக்கவாட்டில் இரண்டு விரலை வைத்துப் புடைப்பு தெரியாமல் செய்தால் போதும்.

இது மட்டும் போதுமா? எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு பின்லாந்திலிருந்து வந்தது. யாரி இலினன் குழு நாள்பட்ட கழுத்து வலியுள்ள 180 பெண் அலுவலர்களை எடுத்துக்கொண்டது. முடிவுகள் 2003-ல் வெளியாயின. ஒரு பிரிவு ரப்பர் பட்டையை நெற்றியில் மாட்டிக்கொண்டு கனமான எதிர்ப்பில் வலிமைப் பயிற்சி செய்தது. இன்னொன்று படுத்துத் தலையைத் தூக்கித் தூக்கி இறக்கும் தாங்குதிறன் பயிற்சி. இரண்டு பிரிவுக்கும் தோளுக்கு டம்பெல்லும் உண்டு. மூன்றாவது பிரிவுக்கு நீட்டி மடக்கும் பயிற்சியும் ஏரோபிக் பயிற்சியும் மட்டும். ஒரு வருஷம் கழித்து, முன்னோக்கி வளைக்கும் கழுத்து வலு முதல் பிரிவில் 110 சதவீதம் கூடியிருந்தது, இரண்டாவதில் 28, மூன்றாவதில் 10. வலி முதல் இரண்டு பிரிவிலும் நன்றாகக் குறைந்தது. ஒரு வருஷம் கழித்தும் குறைந்தே இருந்தது என்பதைத்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். கரண்டு மறுநாள் காலை வரைக்கும் கூடத் தாங்கவில்லை. காரணமும் புரியக்கூடியதே. தலை அதே 5 கிலோதான். தசையின் வலு இரட்டிப்பானால், தலையைத் தாங்க அதற்குத் தேவைப்படும் பங்கு பாதியாகிறது.

எந்தப் பயிற்சி உசத்தி? 2021-ல் 40 ஆய்வுகளை ஒன்றாக வைத்து ஒப்பிட்டவர்கள் தனித்து உயர்ந்த ஒன்றைக் காணவில்லை. வலிமைப் பயிற்சி, ஆழ்தசைப் பயிற்சி, யோகா வகையறா எல்லாமே பயன் தந்தன. இது ஏமாற்றமல்ல, விடுதலை. யோகா பிடித்தவர் யோகா செய்யட்டும்.

அக்காவிடம் பயிற்சி என்றதும் முகம் சுருங்கியது. "நான் செய்யாத வேலையா தம்பி? இதுக்கு மேல எக்சசைஸ் வேறயா?"

நியாயமான கேள்வி. உழைப்பும் பயிற்சியும் உடம்புக்கு ஒன்றல்ல என்பதை டென்மார்க்கின் ஆந்திரேயாஸ் ஹோல்டர்மன் போன்றவர்கள் பல வருஷமாக எடுத்துச் சொல்கிறார்கள். பூ கட்டுவது லேசான பாரம், நீண்ட நேரம், ஒரே நிலை, ஓய்வு நம் கையில் இல்லை. பயிற்சி அதற்கு நேர்மாறு: கனமான பாரம், கொஞ்ச நேரம், பல திசை, நடுவே நிறைய ஓய்வு. முதலாவது அந்தச் சிறிய நார்களை மட்டுமே வதைக்கிறது. இரண்டாவது தூங்கிக்கொண்டிருக்கும் பெரியவற்றையும் எழுப்பி வேலை வாங்குகிறது.

நேரமும் அதிகம் கேட்கவில்லை. அதே டென்மார்க்கில் லார்ஸ் ஆண்டர்சன் குழு 198 பேரை மூன்றாகப் பிரித்து, இரண்டு பிரிவினரிடம் வாரத்தில் ஐந்து நாள், ரப்பர் குழாயை மிதித்துக்கொண்டு கைகளைப் பக்கவாட்டில் தூக்கச் சொன்னது. ஒரு பிரிவுக்கு தினம் 12 நிமிடம், இன்னொன்றுக்கு 2 நிமிடம். பத்து வாரத்தில், பயிற்சி செய்யாத பிரிவோடு ஒப்பிட்டால், 12 நிமிடக்காரர்களுக்கு வலி பத்துக்கு 1.9 குறைந்தது, 2 நிமிடக்காரர்களுக்கு 1.4. உலை கொதிக்கும் நேரம் போதும்.

எனவே அவருக்குக் கொடுத்தது இவ்வளவுதான். முதல் மூன்று முறை கையால் மூட்டுகளைத் தளர்த்தினேன். அவர் கேட்டுக்கொண்டதால் ஒரு நாள் கரண்டும் வைத்தேன், வலி தணிந்த அந்த அரைமணி நேரத்தில் பயிற்சியைப் பழக்குவதற்காக. கழுத்துப் பட்டையைக் கழற்றச் சொன்னேன். பிறகு படுத்துத் தலையாட்டல். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் இரண்டைப் பிடித்துப் பக்கவாட்டில் தூக்குதல், ஜன்னல் கம்பியில் கட்டிய பழைய சைக்கிள் ட்யூபைப் பின்னோக்கி இழுத்தல். பூக்கூடையைத் தரையிலிருந்து எடுத்து ஒரு முக்காலி மேல் வைத்து, காலுக்குப் பதிலாக ஜன்னல் கம்பியில் நாரை மாட்டிக் கட்டச் சொன்னேன். ஒரு முழம் முடிந்ததும் மோட்டு வளையைப் பார்த்து மூன்று மூச்சு. மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021-ல் வந்ததிலிருந்து நடமாட முடியாதவர்களுக்கு வீட்டுக்கே இயன்முறைச் சிகிச்சை வருகிறது. அக்காவைப் போல் நடமாடிக்கொண்டே வலியோடு இருப்பவர்களுக்கும் இந்தப் பத்து நிமிடப் பாடம் அவர்கள் ஊருக்கே வந்து சேர வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

மூன்றாவது வாரம் வலி கூடியிருக்கிறது என்றார். கேட்டால், முகூர்த்த நாள்கள். மாலை வேலை இரவு வரை. பாட்டிலைப் பாதியாகக் குறைக்கச் சொன்னேன், நிறுத்த விடவில்லை. எட்டாவது வாரம் பத்துக்கு ஏழாக இருந்த வலி மூன்றாகியிருந்தது. அழுத்தமானியின் முள் 28 வரை நடுங்காமல் போனது. வலி அறவே போகவில்லை. போகும் என்று நான் வாக்குக் கொடுக்கவுமில்லை.

அதற்குப் பிறகு அவர் வரவில்லை. இரண்டு மாதம் கழித்து ஒரு காலையில் போன் வந்தது. பின்னால் குக்கர் விசில் கேட்டது.

"தம்பி, ஒரு லிட்டர் இப்பல்லாம் தூக்குன மாதிரியே தெரியல. ரெண்டு லிட்டர் பாட்டில் தூக்கலாமா?"

"எடுத்ததும் ரெண்டு வேணாங்க்கா. ஒன்றரைல ஆரம்பிங்க."